பதிவேட்டில் 412: அத்தையின் பாட்டியின் பாட்டியைத் தேடிப் போனது

இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில், இறந்தவரை எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்பது இருக்காது. யார், எங்கே, எப்போது, எதனால் இறந்தார் என்பதெல்லாம் இருக்கும். எந்த மண்ணில் வைத்தார்கள் என்பது மட்டும் இருக்காது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் எங்களுக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். இங்கே இங்கிலாந்தில், நாரிச் நகரத்துக்கு அருகே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். கணவர் இந்த மண்ணுக்காரர், நார்ஃபோக்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்றைக்கும் எனக்கு அனுப்பும் பிறந்தநாள் அட்டையில் 'அத்தை' என்றே கையெழுத்துப் போடுவார். 1943இல் பிறந்தவர். 2023 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பழைய குடும்ப வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, "என் பாட்டியின் பாட்டியை எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று பார்த்துவிட்டால் போதும், வேறு ஆசை இல்லை" என்றார்.

அந்த வேதாகமத்தின் முன்பக்கத் தாளில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. எங்களுக்கு வேண்டிய வரி மிகவும் சின்னது: பெயர், 1867 பிப்ரவரி, வயது 41. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கூடவே ஒரு வாய்மொழிச் செய்தி. 1884இல் பிறந்த தன் பாட்டி, தான் சிறுமியாக இருந்தபோது சொன்னதாக அத்தை சொன்னார்: "பெரிய யூ மரத்தடியில் இருக்கிறாள்."

குடும்பம் இருந்த கிராமம் தெரியும். அங்கே ஆலயம் உண்டு, ஆலய வளாகத்தில் யூ மரமும் உண்டு. அப்புறம் என்ன, கிளம்பிவிட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நானும் கணவரும் ஒவ்வொரு கல்லாகப் படித்தோம். அத்தை காரில் உட்கார்ந்து, நாங்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினார். 180 கல்லுக்கு மேல் எழுதினோம். அந்தக் குடும்பப் பெயரில் ஒரு கல்கூட இல்லை.

எங்களுடைய முதல் தவறு இதுதான். கல்லிலிருந்து தேட ஆரம்பிக்கக் கூடாது, காகிதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாங்கள் தேடிய அம்மாவின் கணவர் பண்ணைக்கூலி. அந்தக் காலத்துப் பண்ணைக்கூலி குடும்பத்தில் கல் வைக்க யாருக்கு வசதி இருந்தது? கொஞ்சம் முடிந்தவர்கள் மரப்பலகை நட்டார்கள், அது சில பத்து வருடத்தில் மக்கிப் போகும். பெரும்பாலானவர்களுக்கு அதுவும் இல்லை, மண்மேடு மட்டும்தான். ஒரு ஆலய வளாகத்தில் நமக்குத் தெரிகிற கற்களைப்போலப் பல மடங்கு ஆட்கள் கீழே இருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்காக ஒருவர்மேல் ஒருவராக அடக்கம் பண்ணி, சில இடங்களில் மைதானமே ஆலயத் தரையைவிட உயர்ந்து நிற்கும். கல் இல்லை என்பதால் ஆள் அங்கே இல்லை என்று ஆகாது.

எனக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. சின்ன வயதில் இடையன்குடி ஆலயத்துக்குள் கால்டுவெல் ஐயரின் கல்லறையைப் பார்த்திருக்கிறேன். அயர்லாந்தில் பிறந்து, 1891இல் கொடைக்கானலில் இறந்து, தேரிக்காட்டு மண்ணில் அடக்கமானவர். இன்றைக்கும் அவர் பெயரை வாசிக்கலாம். அதே காலத்தில் இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே செத்த ஒரு கூலிக்காரர் மனைவியின் பெயரை அவள் சொந்த ஊர்ப் புல்தரையில் வாசிக்க முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு மாலை காரில் திரும்பும்போது இதே நினைப்புத்தான்.

சரி, காகிதத்துக்கு வந்தோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவு. அதன் அட்டவணையைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஃப்ரீ பி.எம்.டி. என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அரசின் பொதுப் பதிவு அலுவலகமான ஜி.ஆர்.ஓ.வின் தளத்திலும் தேடலாம், அங்கே 1837 முதலே இறந்தவரின் வயதும் தெரியும். அட்டவணை வருடத்துக்கு நாலு காலாண்டாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பதிவானதெல்லாம் மார்ச் காலாண்டில் வரும்.

1867 மார்ச் காலாண்டில், ஒரே பதிவு மாவட்டத்தில், ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இறந்திருந்தார்கள். ஒருவருக்கு வயது 41, இன்னொருவருக்கு 38. வேதாகமத்தில் 41 என்று இருக்கிறதே என்று அதற்குப் பணம் கட்டி வரவழைத்தோம். வந்தது ஒரு செருப்புத் தொழிலாளியின் மனைவி, வேறு ஊர், வேறு குடும்பம். அந்தச் சான்றிதழை அத்தை தூக்கிப் போடவில்லை. "இவளும் யாரோ ஒருவருடைய பாட்டிதானே" என்று வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

38 வயதுக்காரிதான் எங்கள் ஆள். மணமான பெண் இறந்தால் தொழில் என்ற கட்டத்தில் இன்னாரின் மனைவி என்று கணவர் பெயரும் தொழிலும் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் உறுதி செய்ய முடியும், வயதை வைத்து அல்ல. குடும்ப வேதாகமத்தில் எழுதியது பல வருடம் கழித்து, நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம். எழுத்தெல்லாம் ஒரே மையில், ஒரே கையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். எங்களுடையது அப்படித்தான் இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை.

சான்றிதழைப் படித்தபோது எனக்கு வேலை ஓடவில்லை. சாவுக்குக் காரணம்: பிரசவ ஜன்னி, அதாவது பேற்றுக்குப் பின் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல், 9 நாள். நான் தினமும் செய்கிற வேலை பிரசவம் பார்ப்பது. ஒவ்வொரு தாயைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவுகிறேன், தொட்ட பிறகும் கழுவுகிறேன். கை கழுவினாலே இந்த ஜன்னி குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847இலேயே காட்டிவிட்டார், உலகம் கேட்கவில்லை. கிருமிநாசினி முறையைப் பற்றி அறுவை மருத்துவர் லிஸ்டர் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியதும் இதே 1867இல்தான். அவருடைய முதல் கட்டுரை மார்ச்சில் வந்தது. அத்தையின் பாட்டியின் பாட்டி பிப்ரவரி 12இல் இறந்துவிட்டாள். இன்று எங்கள் வார்டில் ஒரு ஊசி மருந்தில் பிழைத்திருப்பாள். இதற்கப்புறம் இந்தத் தேடல் அத்தைக்காக மட்டும் என்று இல்லாமல் போனது.

தகவல் கொடுத்தவர் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர், சாகும்போது உடனிருந்தவர் என்ற குறிப்பு. எழுதத் தெரியாதவர் என்பதால் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. ஆனால் எங்களைத் திருப்பிவிட்டது வேறொரு கட்டம். இறந்த இடம் என்று எழுதியிருந்தது நாங்கள் மூன்று வாரம் சுற்றிய கிராமம் இல்லை. அங்கிருந்து 7 மைல் தள்ளி இன்னொரு கிராமம்.

ஏன் அங்கே போனாள்? இதற்கு சென்சஸ் பதில் சொன்னது. 1841 சென்சஸில் பிறந்த ஊர் இருக்காது, அதே கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிறந்தவரா என்பது மட்டும்தான். 1851 முதல் பிறந்த ஊரையே எழுதினார்கள். 1851இலும் 1861இலும் இந்தப் பெண்ணின் பிறந்த ஊராக இருந்தது அந்த 7 மைல் தள்ளிய கிராமம்தான். 1861 தாளில் அதே கிராமத்தைத் தேடிப் பார்த்தால் அவளுடைய அம்மா, விதவை, அங்கே தனியாக இருக்கிறார். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருக்கிறாள்!

இதை என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்கயும் அப்படித்தானா? பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான போவணும்லா" என்றாள். இங்கே அது நம் ஊரைப்போல வழக்கம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. முன்னே ஏதாவது பிள்ளை தவறியிருக்கலாம், பயம் இருந்திருக்கலாம். இந்தப் பெண் போனாள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து திருச்சபையின் ஒரு சேகரத்தில், அதாவது ஒரு ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில், குடியிருப்பவருக்கு அந்த ஆலய வளாகத்தில் அடக்கம் பெற உரிமை உண்டு. அந்த எல்லைக்குள் வந்து இறந்தவருக்கும் அதே உரிமை உண்டு, எந்த ஊர்க்காரராக இருந்தாலும். 7 மைல் வண்டியில் பிரேதத்தைக் கொண்டுபோகச் செலவு செய்ய முடியாத குடும்பம் என்ன செய்யும்? இறந்த இடத்திலேயே அடக்கம் பண்ணும். ஆகவே உங்கள் ஆள் சொந்த ஊர்ப் பதிவேட்டில் இல்லையென்றால் மூன்று ஊர்களைப் பாருங்கள்: இறந்த ஊர், பிறந்த ஊர், துணைவர் பிறந்த ஊர். ஏழைகள் விடுதியில் இறந்திருந்தால் அந்த விடுதி இருந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வரைபடத்தில் ஐந்தாறு மைல் வட்டம் போட்டு அதிலுள்ள எல்லா ஆலயங்களையும். நார்ஃபோக்கில் இது கொஞ்சம் பெரிய வேலை. 650க்கு மேற்பட்ட மத்தியகால ஆலயங்கள் இந்த ஒரு கவுன்ட்டியில் மட்டும் நிற்கின்றன.

இனி பதிவேடு. நம் ஊரில் சேகர குரு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனிப் புத்தகம் வைத்திருப்பாரே, அதன் தாய்தான் இது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் போட்ட உத்தரவில் தொடங்கியது. தொடக்க காலப் பதிவுகளில் பல இடங்களில் பெயரும் தேதியும்தான். 1752க்கு முன்னால் வருடம் மார்ச் 25இல் பிறந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்குக்கு அது 1721. 1813 முதல் அடக்கத்துக்கு அச்சடித்த புத்தகம் வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். வரிசை எண், பெயர், குடியிருந்த இடம், அடக்கமான தேதி, வயது, நடத்திய குருவானவர். கணவர் பெயரோ காரணமோ இருக்காது. தேதியும் அடக்கத் தேதிதான், இறந்த தேதி அல்ல.

ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் பல கவுன்ட்டிப் பதிவேடுகளைப் பார்க்கலாம். ஃப்ரீ ரெக் என்பது தன்னார்வலர்கள் எழுதியெடுத்த இலவச அட்டவணை. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட் மை பாஸ்ட் ஆகியவை கட்டணத் தளங்கள், ஆனால் இங்குள்ள பல பொது நூலகங்களில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். சந்தா கட்டுமுன் நூலகத்தில் கேளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு தளத்தின் அட்டவணையில் எங்கள் ஆள் இல்லவே இல்லை. பெயரை எப்படி மாற்றிப் போட்டாலும் வரவில்லை. கடைசியில் என் கணவர் சொன்னார், தேடுவதை விட்டுவிட்டு நேராகப் பக்கத்தைப் புரட்டுவோம் என்று.

நாரிச்சில் இருக்கும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். பழைய பதிவேட்டை எடுத்த எடுப்பில் கையில் தரமாட்டார்கள், முதலில் அதன் பக்கங்களைப் படம் பிடித்த படச்சுருளைத்தான் திரையில் பார்க்கச் சொல்வார்கள். தேதி தெரிந்திருந்ததால் பத்து நிமிடத்தில் 1867க்கு வந்துவிட்டோம். பிப்ரவரி 15. எண் 412. பெயர் இருந்தது. வயது 38. குடியிருந்த இடம் என்ற கட்டத்தில் அவள் கணவரின் கிராமத்துப் பெயர், நாங்கள் மூன்று ஞாயிறு நடந்த அதே கிராமம். விக்டோரியா காலத்துச் சாய்வெழுத்தில் எல் என்ற எழுத்தும் எஸ் என்ற எழுத்தும் ஏறத்தாழ ஒன்றுபோல வளையும். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை அட்டவணை எழுதியவர் எஸ் என்று படித்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். இப்படிச் சந்தேகம் வந்தால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், ஊர், வருடம் மூன்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பதிவேடே தொலைந்துபோயிருந்தால் அதன் நகலை வருடந்தோறும் பேராயருக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த நகல் பெரும்பாலும் கவுன்ட்டி காப்பகத்தில் கிடைக்கும்.

நான் பென்சிலால் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். கணவர் என் முழங்கையைத் தொட்டார். திரையில் இரண்டு வரி கீழே விரலை வைத்திருந்தார். எண் 414. மார்ச் 2. அதே குடும்பப் பெயர், அதே கிராமம். ஒரு ஆண் பெயர். வயது: 4 வாரம்.

வேதாகமத்தில் இந்தக் குழந்தை இல்லை. அத்தையின் பாட்டி சொன்ன கதையிலும் இல்லை. பெயர் இருக்கிறது என்றால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். தாய் போன பிறகு பதினைந்து நாளைக்கு மேல் அந்தப் பிள்ளையை யாரோ பாலூட்டியோ, சங்கில் ஆட்டுப்பால் ஊற்றியோ காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். சங்கு என்பது நம் ஊர் நினைப்பு, இங்கே அதற்கு வேறு பாத்திரம் இருந்திருக்கும். நான் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்வது: உங்கள் ஆளின் வரியைக் கண்டுபிடித்ததும் புத்தகத்தை மூடாதீர்கள். முன்னே ஒரு வருடம், பின்னே ஒரு வருடம் படியுங்கள். அந்தப் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வரியும் பின்னால் உதவும், எங்களுக்கு உதவியது.

நகரத்தில் தேடுகிறவர்களுக்கு வழி வேறு. 1850களின் அடக்கச் சட்டங்களால் நெரிசலான நகர ஆலய வளாகங்களை மூடி, ஊருக்கு வெளியே பொதுக் கல்லறைத் தோட்டங்களைத் திறந்தார்கள். அந்தக் கணக்கு உள்ளூராட்சியிடம் இருக்கும். சிலவற்றை டிசீஸ்ட் ஆன்லைன் தளத்தில் பார்க்கலாம். ரயில் பாதைக்காகவும் சாலைக்காகவும் கற்களை இடம் மாற்றியதும் உண்டு. லண்டனில் பழைய செயின்ட் பாங்க்ராஸ் வளாகத்தில் 1860களில் ரயில் பாதைக்காகக் கல்லறைகளை எடுத்த வேலையை, அப்போது கட்டடக் கலைஞரிடம் உதவியாளராக இருந்து பின்னாளில் நாவலாசிரியரான தாமஸ் ஹார்டி மேற்பார்வை பார்த்தார். கற்களை வட்டமாக அடுக்கி வைத்த ஒரு மரம் அவர் பெயரில் அங்கே நின்றது, 2022 டிசம்பரில் சாய்ந்துவிட்டது. கல் நிற்கிற இடத்தில்தான் ஆள் இருப்பார் என்று எப்போதும் எடுத்துக்கொள்ள முடியாது.

கிராமத்துக்கு வருகிறேன். ஏ சர்ச் நியர் யூ என்ற திருச்சபைத் தளத்தில் ஊர்ப்பெயரைப் போட்டால் ஆலயத்தின் தொடர்பு விவரம் வரும். நார்ஃபோக் கிராமங்களில் ஒரு குருவானவர் ஏழெட்டு ஆலயங்களைப் பார்த்துக்கொள்வது சாதாரணம். பதில் வரத் தாமதமானால் கோபப்படாமல் சர்ச்வார்டனைக் கேளுங்கள். நம் ஊர்க் கோயில்பிள்ளைக்குத் தெரிவதுபோல் ஆலயத்தின் சாவியும் கல்லறையும் அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு வாய்த்தவர் எழுபது தாண்டிய ஒரு பெண்மணி. மின்னஞ்சலில் தேதி, எண், நாங்கள் யார் என்பதை மூன்று வரியில் எழுதினேன். "ஜூனில் வராதீர்கள், பூவுக்காகப் புல்லை வெட்டாமல் விட்டிருப்போம், ஒன்றும் தெரியாது. இலையுதிர்ந்த பிறகு வாருங்கள், வெயில் தாழ்வாக விழும்" என்று பதில் போட்டார். நவம்பரில் போனோம்.

வட்டக் கோபுரம் வைத்த கல்லாலயம். கருங்கல் இல்லை, ஃபிளின்ட் என்கிற கரிய உருண்டைக் கற்களைச் சுண்ணாம்பில் பதித்துக் கட்டியது. நார்ஃபோக்கில் இந்த மாதிரி வட்டக் கோபுர ஆலயங்கள் 120க்கு மேல் உண்டு. போன கையோடு நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். எங்கள் ஊரில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறையைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்போம். அதுதான் செத்தவருக்கு மரியாதை. அதே நினைப்பில் தேய்க்கிற பிரஷும் வாளியும் கொண்டுபோயிருந்தேன். ஒரு கல்லின் மேல் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருந்ததைத் தேய்க்கக் குனிந்தேன். சர்ச்வார்டன் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அது அழுக்கில்லை, லைக்கன். நம் குழம்புக்குப் போடுகிற கல்பாசிக்கு உறவு. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் உண்டு. சில கல்லில் இருப்பது கல்லறையின் வயதே ஆனது. தேய்த்தால் லைக்கனோடு எழுத்தும் போய்விடும், ஏனென்றால் பழைய சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் உள்ளே மாவாகியிருக்கும். கம்பி பிரஷ், பிளீச், சோப்பு, சவர நுரை, சாக்பீஸ் எதுவும் கூடாது. பிரஷைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் எப்படிப் படிப்பது? வெளிச்சத்தால். கற்கள் கிழக்கையோ மேற்கையோ பார்த்து நிற்பவை. நண்பகல் ஒட்டிச் சூரியன் தெற்கே வரும்போது ஒளி கல்முகத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். அந்தக் கொஞ்ச நேரம் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். மேகமாக இருந்தாலோ மர நிழலில் கல் இருந்தாலோ ஒரு கண்ணாடி வேண்டும். நாங்கள் வீட்டிலிருந்து முழுநீளக் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தோம். கணவர் பத்தடி தள்ளி வெயிலில் நின்று அதைப் பிடித்து, ஒளியைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக வீசினார். வெறும் கல்லாக இருந்த முகத்தில் முதலில் ஒரு 8 வந்தது, அப்புறம் 1, அப்புறம் மெதுவாக ஒரு பெயரின் பாதி. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் இதே பலன் கிடைக்கும். போன் கேமராவில் நாலைந்து கோணத்தில் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் பாருங்கள்.

அவளுக்குக் கல் இல்லை. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தோம். யூ மரமும் அந்த வளாகத்தில் இல்லை, இளம்பச்சையில் இலை விடும் லைம் மரங்கள்தான் (எலுமிச்சைக்கும் இதற்கும் உறவில்லை). பாட்டி சொன்ன மரம் எது என்பது அத்தையிடம் கேள்வியாகவே இருக்கிறது.

ஆனால் பக்கத்தின் எட்டு வரியும் எங்களிடம் இருந்தனவே. அந்தப் பக்கத்தின் முதல் வரி, 409, ஜனவரியில் அடக்கமான ஒரு மாவு மில் முதலாளி. அவருடைய கல் நிற்கிறது, வடகிழக்கில். 1866இன் கடைசியில் அடக்கமான ஒரு பெண்ணின் கல் அதற்குத் தெற்கே நாலடியில். 1868க்கு உரிய இரண்டு கல் அதற்கு வடக்கே. குழிவெட்டுகிறவர் அந்த வருடங்களில் எந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார் என்பது இந்தக் கற்களில் தெரிகிறது. எல்லா ஊரிலும் வரிசையாக வெட்டியிருக்க மாட்டார்கள், வசதியானவர்கள் இடம் பிடித்து வைப்பார்கள். இங்கே வடக்குப் பக்கம் பிற்காலத்தில்தான் பயன்பட்டது, அதனால் ஓரளவு வரிசை இருந்தது. வடக்குப் பக்கத்தை நிழல் பக்கம் என்று ஆட்கள் விரும்பாமல் கடைசிக்கு விட்டுவைப்பது இங்கே பழைய வழக்கம். மாவு மில்காரருக்கும் 1868 கற்களுக்கும் நடுவில் பத்தடி வெறும் புல். தாழ்ந்த வெயிலில் அந்தப் புல்லில் மூன்று மேடு தெரிந்தது. நின்று பார்த்தால் தெரியாது, குந்தி உட்கார்ந்து புல்மட்டத்தில் கண்ணை வைத்தால் தெரியும்.

அத்தை, நான் சொன்னதைக் கேட்டு, ஊன்றுகோலோடு வந்தார். ஒரு கல் வைக்கலாமா என்று அவருக்கு ஆசை இருந்தது. அதற்குத் திருமண்டலத்தின் (பேராயரின் ஆட்சிப் பகுதி) அனுமதி வேண்டும், இடம் உறுதியில்லாத கல்லறைக்கு அது எளிதில் கிடைக்காது என்று சர்ச்வார்டன் அம்மா பக்குவமாகச் சொன்னார். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார், "தலை எந்தப் பக்கம்?"

தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும்போது கிழக்கே பார்த்து எழுந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே அப்படித்தான் வைப்பார்கள், எங்கள் ஊரிலும் அப்படித்தான். சொன்னேன். அத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய், மேற்கே திரும்பி நின்றார். எழுந்தால் முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி. தன் முழுப்பெயரைச் சொன்னார். "உன் பேத்தியின் பேத்தி" என்றார். அப்புறம் அந்த 4 வாரக் குழந்தையின் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை அந்த இடத்தில் கடைசியாக யார் எப்போது சொன்னார்களோ.

சர்ச்வார்டன் அம்மா ஆலயத்துக்குள் போய் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்தார். கல் நிற்கிற இடங்களை எல்லாம் கட்டம் கட்டமாகக் குறித்த வளாக வரைபடம், பல வருடத்துக்கு முன் யாரோ கையால் வரைந்தது. மாவு மில்காரரின் கட்டத்துக்கு வடக்கே வெற்றிடமாக இருந்த இடத்தில், பென்சிலால், 412, 414 என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அத்தை அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும்" என்றார்.